ஏஈ3803க்கு என்ன வருத்தம்?

ஏஈ3803 என்ற இலக்கம் கொண்ட செங்குழியப் பெண், ஒட்சிசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எப்போது பார்த்தாலும் வழிதவறிப் போகிறாள். ஏன் என்று ரசிகர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அகானே ஷிமிசு 2015இல் தொடங்கி 2021இல் ஆறு தொகுதிகளாக முடித்த ‘ஹதராக்கு சைபோ’ என்ற ஜப்பானிய மங்காவின் நாயகி அவள். 2018இல் அனிமேயாக வந்த பிறகு இலங்கையின் ஓப்பநாயக்கப் பக்கத்து லயத்துப் பிள்ளைகளும் கைபேசியில் பார்க்கக்கூடிய கதையாகிவிட்டது. விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் வட்டமும் புள்ளியுமாகக் கிடந்த செங்குழியமும் வெண்குழியமும் இதில் தொப்பி போடுகின்றன, சண்டை பிடிக்கின்றன, தேத்தண்ணி குடிக்கின்றன.

ரசிகர்களின் ஊகங்களில் கெட்டிக்காரத்தனமான ஒன்று, அவள் தலை உச்சியில் வளைந்து நிற்கும் ஒற்றை முடிக்கற்றையைப் பிடித்துக்கொள்கிறது. அது அரிவாள் வடிவம். அவள் ஓர் அரிவாட்கலம். அதனால்தான் தடுமாறுகிறாள் என்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. ஈமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அரிவாட்கல நோயில் அங்கே ‘வேலின்’ என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிழை பெற்றோரிடமிருந்து வந்த மரபணுவிலேயே இருப்பதால், அந்த உடலின் என்பு மச்சையில் பிறக்கும் எல்லாச் செங்குழியங்களுக்கும் அது பொது. தோழிகள் எல்லாரும் சுகமாக இருக்க இவளுக்கு மட்டும் வராது. இரத்தம் ஏற்றும்போது வேறு உடலிலிருந்து வந்தவளாக இருக்கலாமே என்று கேட்கலாம். கதையில் இரத்தம் ஏற்றும் கட்டமும் உண்டு. ஆனால் அவள் சின்னப்பிள்ளையாக இதே மச்சையில் வளர்ந்ததை ஷிமிசுவே வரைந்து காட்டிவிட்டார். ஆயுள் கணக்கும் உதைக்கிறது. சாதாரணச் செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் வாழும், அரிவாட்கலம் 10 முதல் 20 நாளில் முடிந்துவிடும். அதற்குள் இவள் கதையும் முடிந்திருக்க வேண்டும்.

உண்மையில் எந்தச் செங்குழியமும் வழிதவற முடியாது. இதயம் தள்ளுகிறது, அது போகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். களனிவெளி ரயில் பாதை ஒருகாலத்தில் ஓப்பநாயக்கவில் வந்து முடிந்தது. இரத்தத்துக்கு அப்படியொரு கடைசி ஸ்டேஷன் இல்லை.

இன்னொரு ஊகம் இருண்டது. சின்ன வயதில் அவளை அன்பாக வளர்த்த மாக்ரோபேஜ் என்ற விழுங்கு கலம்தான் ஒருநாள் அவளைக் கொல்லுமாம். இதில் எனக்கு மறுக்க எதுவுமில்லை. மச்சையில் மாக்ரோபேஜைச் சுற்றித்தான் இளம் செங்குழியங்கள் கூட்டமாக வளர்கின்றன. அவை வெளியே தள்ளும் கருவை விழுங்குவதும் அதுதான். பிறகு முதுமையடைந்த செங்குழியங்களை மண்ணீரலிலும் ஈரலிலும் பிடித்துத் தின்று, இரும்பைத் திரும்ப மச்சைக்கு அனுப்புவதும் அதே இனம்தான். வளர்த்தவளும் தின்பவளும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊகம் நிற்காவிட்டாலும் அரிவாட்கல நோயை நான் முழுதாகத் தள்ளிவிடவில்லை. மலையோடும் தேயிலையோடும் அந்த நோய்க்குப் பழைய தொடர்பு இருக்கிறது. இந்தியாவில் அது முதன்முதல் பதிவானது 1952இல்: ஒன்று நீலகிரிப் பழங்குடிகளிடம், மற்றது அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம். மலேரியா மலிந்த இடங்களில் இந்த மரபணுவை ஒற்றைப் பிரதியாகச் சுமப்பவர்கள் அந்தக் காய்ச்சலிலிருந்து ஓரளவு தப்பினார்கள் என்பதை 1954இல் அந்தோணி அலிசன் ஆபிரிக்க ஆய்வில் காட்டினார். மலேரியா வேட்டையாடிய நாடுதான் இலங்கையும். 1934–35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். கேகாலை மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. ஆனால் இங்கே மலேரியா விட்டுப்போன முக்கிய மரபுச் சுவடு தலசீமியா என்ற இன்னொரு ஈமோகுளோபின் கோளாறு. நாட்டின் பெரிய தலசீமியா சிகிச்சை நிலையம் குருநாகலில் இருக்கிறது.

ஆகவே இந்தக் கதையை ஓப்பநாயக்கவில் வரைந்தால், ஏஈ3803 களைத்துத் தடுமாறுவதற்கு முதலில் தேட வேண்டிய காரணம் அரிவாள் இல்லை. அவள் பெட்டிக்குள் ஒட்சிசன் பாதிதான் இருக்கும், ஏனென்றால் பெட்டி செய்ய இரும்பு போதவில்லை. கொழுந்து பறிக்கும், ரப்பர் பால் வெட்டும் பெண்கள் ‘ரத்தம் காணாது’ என்று கிளினிக்கில் கேட்டு வரும் சொல் அதுதான். மாதவிடாய், அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, மரக்கறியை மட்டும் நம்பிய சாப்பாடு, கொக்கிப்புழு எல்லாம் அதற்குக் காரணம். சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் பிளேன்டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். நாம் பறிக்கும் இலைக்கே இந்தக் குணம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் பிரச்சினை குறையும்.

சிக்கல் என்னவென்றால், இரும்பு போதாதவரின் செங்குழியத்தைப் போலவே தலசீமியாவைச் சுமப்பவரின் செங்குழியமும் சிறியதாக, வெளிறியதாக இருக்கும். இரத்த அறிக்கையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். சுமப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இராது. சுமக்கும் இருவர் கல்யாணம் கட்டினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பில் கடுமையான நோய் வரும். அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும் குடும்பங்களில் இந்தச் சந்திப்பு நிகழும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

மிட்வைப் தந்த இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகப் போட்டும் இரத்தம் ஏறவில்லை என்றால், தலசீமியாவுக்கும் பரிசோதிக்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகள் சாதகம் பார்க்கும்போதே இரண்டு பக்கமும் இந்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளட்டும்.