மாற்று மையத்தின் தொலைவு

மும்பையில் இயங்கும் தேசியப் பங்குச் சந்தையின் பேரிடர் மீட்பு மையம், அதாவது முதன்மைத் தரவு மையம் முடங்கினால் வர்த்தகத்தை ஏற்று நடத்தவேண்டிய மாற்று மையம், சென்னையில் உள்ளது. அத்தகைய மையம் வேறு நிலநடுக்க மண்டலத்தில் அமைவது நலம் என்றும், இயலாதபோது குறைந்தது 500 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்றும் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி விதித்துள்ளது. நிலநடுக்க மண்டலம் என்பது அபாயத்தின் அளவைச் சுட்டும் எண்ணேயன்றி ஒரு வட்டாரத்தின் பெயரன்று. 2002ஆம் ஆண்டு வரைபடத்தில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் விலகி நிற்கும் மும்பையும் சென்னையும் மூன்றாம் மண்டலத்தில் சேர்ந்திருக்க, சென்னைக்கு அருகிலுள்ள பெங்களூரு இரண்டாம் மண்டலத்தில் இருந்தது. எனவே, தொலைவு பற்றிய விதியே உண்மையில் காப்பளிக்கிறது.

ஆனால் தொலைவுக்கும் ஒரு விலை உண்டு. ஒளியிழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், ஒரு பதிவு மும்பையிலிருந்து சென்னைக்குப் போய் அதன் ஒப்புகை திரும்ப 10 மில்லிவிநாடியேனும் ஆகும். கேபிள் நேர்க்கோட்டில் செல்வதில்லையாதலால் உண்மையில் இன்னும் கூடும். ஒப்புகை வந்த பின்னரே அடுத்த வேலை என்னும் உடனிகழ் படியெடுப்பை இத்தொலைவில் கையாண்டால், மைக்ரோவிநாடிகளில் ஆணைகளைப் பொருத்தும் சந்தை தேங்கிவிடும். ஒப்புகைக்குக் காத்திராமல் அனுப்பினாலோ, விபத்தின் கணத்தில் வழியிலிருந்த பதிவுகள் தொலையும். இச்சிக்கலைத் தீர்க்கவே முதன்மை மையத்தின் அருகில் ‘அண்மைத் தளம்’ என்னும் மூன்றாம் இடம் அமைக்கப்படுகிறது. வர்த்தகம் எதையும் நடத்தாத அத்தளம், பதிவுகளை உடனுக்குடன் வாங்கி வைத்திருந்து, சென்னைக்கு வந்து சேராதவற்றை ஈடுசெய்கிறது.

இத்தனை ஏற்பாட்டையும் பயன்படுத்தும் முடிவு மனிதரிடமே இருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாற்றை அடுத்து முற்பகல் 11.40 மணிக்கு நின்ற வர்த்தகம் பிற்பகல் 3.45 மணிக்கே மீண்டும் தொடங்கியது. இடையில் அது சென்னைக்கு மாற்றப்படவில்லை. முக்கிய அமைப்பு முடங்கிய 30 நிமிடங்களுக்குள் அதைப் பேரிடர் என அறிவிக்கவேண்டும், அறிவித்த 45 நிமிடங்களுக்குள் செயல்பாட்டை மீட்கவேண்டும் என்ற கெடுவை அடுத்த மாதமே செபி கொண்டுவந்தது. மாற்று மையத்தைக் கட்டுவதில் உள்ள முனைப்பு அதை இயக்கிப் பழகுவதில் பொதுவாக இருப்பதில்லை. ஓட்டிப் பாராத மையத்துக்கு மாறுவதைவிடப் பழுதான மையத்தோடு மல்லுக்கட்டுவதே மேல் எனப் பொறுப்பாளர்கள் தயங்குவதற்கு இதுவே இடம் தருகிறது. அவ்வகையில், 2024 மார்ச் 2 சனிக்கிழமையன்று முதல் அமர்வை முதன்மை மையத்திலும் அடுத்ததை மாற்று மையத்திலுமாக, ஒத்திகைக் கணக்கில் அல்லாமல் உண்மைப் பணத்தில் தேசியப் பங்குச் சந்தை நடத்திய வர்த்தகம் குறிப்பிடத்தக்கது.