காய்கனிகளின் ஆயுளைக் கரி நீட்டுமா?

சந்தையிலிருந்து வாங்கி வந்த தக்காளி மூன்றாம் நாளே குழைகிறது. கொத்தமல்லிக் கட்டு மஞ்சளடிக்கிறது. நேற்றுவரை செங்காயாக இருந்த மாம்பழம் இன்று அழுகத் தொடங்குகிறது. இதற்குத் தீர்வு என்று சொல்லி, ஃபிரிட்ஜுக்குள் போட்டுவைக்கும் சிறு கரிப் பைகள் இணையக் கடைகளில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. உள்ளே இருப்பது ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் கிளர்வூட்டப்பட்ட கரி. அது உண்மையிலேயே பலன் தருமா? தரும், ஆனால் எல்லாக் கெடுதலையும் அது தடுத்துவிடாது. எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்துகொண்டால்தான் கொடுக்கிற காசு வீணாகாது.

பழுக்க வைக்கும் வாயு

மா, வாழை, பப்பாளி, கொய்யா, சப்போட்டா, தக்காளி ஆகியவை பறித்த பிறகும் பழுக்கும். அப்போது அவை எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. இது தாவரங்களின் ஹார்மோன். பக்கத்தில் உள்ள காய்மீது பட்டால் அதையும் பழுக்கத் தூண்டும். அந்தக் காயும் எத்திலீனை வெளியிடத் தொடங்கும். கூடையில் ஒரு பழம் கனிந்தால் மற்றவையும் அடுத்தடுத்துக் கனிவது இதனால்தான்.

எத்திலீனுக்குத் தாவரங்களை மாற்றும் ஆற்றல் உண்டு என்பதை 1901இல் ரஷ்ய அறிவியலாளர் திமித்ரி நெல்யுபோவ் கண்டறிந்தார். ஆய்வகத்தில் விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்த எத்திலீன், பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளரச் செய்திருந்தது. பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை உண்டாக்குகிறது என்று 1934இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் நிறுவினார்.

மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்க வைப்பதும், வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதும் இந்த வாயுவை நம்பித்தான். பானையில் வாயு வெளியேறாமல் தேங்குகிறது. மூட்டப் புகையிலேயே எத்திலீன் இருக்கிறது. பழுக்க வைக்கும் அறைகளில் கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது. அதற்குப் பதிலாக, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு (100 பிபிஎம்) வரை எத்திலீனைப் பயன்படுத்த அனுமதி உண்டு.

பழுக்க வைக்க இந்த வாயுவைத் தேக்குகிறோம். கெடாமல் காக்க வேண்டுமானால் அதை அகற்ற வேண்டும். காற்றில் ஒரு கோடியில் ஒரு பங்கு எத்திலீன் இருந்தால்கூட, அதைத் தாங்காத காய்கறிகள் பாதிக்கப்படுகின்றன. கீரை, கொத்தமல்லி, வெள்ளரி ஆகியவை மஞ்சளாகும், கேரட் கசக்கும்.

ஒரு கிராமுக்குள் 25 சென்ட்

தேங்காய் ஓட்டைக் குறைந்த காற்றில் சுட்டால் கரி கிடைக்கும். அந்தக் கரியை 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியோடு வினைபுரியச் செய்தால், அதன் உட்புறம் அரிக்கப்பட்டுக் கணக்கற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. தேங்காய் ஓட்டுக் கரியில் இந்தத் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறைவான அகலம் கொண்டவை. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை எல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட் நிலம். அடுப்புக்கரியிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்.

இந்தப் பரப்பில் வாயு மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. முதல் உலகப் போரில் நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடிகளுக்குள் தேங்காய் ஓட்டுக் கரி வைக்கப்பட்டதும் இதனால்தான்.

வெறும் கரி போதுமா?

துர்நாற்றம் தரும் பெரிய மூலக்கூறுகளைக் கரி இறுகப் பிடித்துக்கொள்கிறது. எத்திலீன் அப்படியல்ல, மிகச் சிறிய, எளிதில் ஆவியாகிற மூலக்கூறு அது. அதன் கொதிநிலையே மைனஸ் 104 டிகிரி. காற்றில் மிகக் குறைந்த அளவில் இருக்கும் எத்திலீனை வெறும் கரி தளர்வாகவே பிடிக்கிறது. காய்கனிகள் இருக்கும் இடத்தில் ஈரப்பதமும் அதிகம். நீராவியும் கரியின் துளைகளில் இடம்பிடிப்பதால் எத்திலீனுக்கான இடம் மேலும் குறைகிறது. ஃபிரிட்ஜில் வைத்த கரிப் பை வாடையை நன்றாகக் குறைத்தாலும் பழுப்பதைச் சிறிதளவே தாமதப்படுத்துவது இதனால்தான்.

இந்தக் குறையைத் தீர்க்கவே கரியில் பல்லேடியம் என்ற உலோகத்தைச் சேர்க்கிறார்கள். பல்லேடியம் குளோரைடு ஏற்றிய கரியில் எத்திலீன் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. அதைக் கரி பிடித்து வைத்துக்கொள்கிறது. இவ்வகைப் பைகளை ஜப்பானிய நிறுவனங்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தன. பல்லேடியத்தின் விலைதான் தடை. இதைவிட மலிவான பொட்டாசியம் பெர்மாங்கனேட் பைகள் பழ ஏற்றுமதியில் பரவலாகப் புழங்குகின்றன. அந்த வேதிப்பொருள் உணவின்மீது படக் கூடாது. ஆற்றல் தீர்ந்ததும் ஊதா நிறம் பழுப்பாகிவிடுவது அதிலுள்ள வசதி. கரி நிறைந்துவிட்டதா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

கரியால் ஆகாதவை

கீரை வாடுவது பெரும்பாலும் நீரிழப்பால். அதைக் கரி தடுக்காது. அடிபட்ட தக்காளியில் வளரும் பூஞ்சையைக் கரி கொல்லாது. கனிந்துவிட்ட பழத்தை மீண்டும் காயாக்கவும் முடியாது. திராட்சை, மாதுளை, ஆரஞ்சு போன்றவை பறித்த பின் பழுப்பதில்லை; அவற்றுக்கு இதனால் கிடைக்கும் பயன் குறைவு. திறந்த கூடையில் கரிப் பையைப் போடுவதும் வீண். மூடிய பெட்டி, பை, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு போன்ற அடைபட்ட இடத்தில்தான் அது வேலை செய்யும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• ஆப்பிள், பப்பாளி, பழுத்த வாழை ஆகியவற்றைக் கீரை, கேரட், வெள்ளரியோடு சேர்த்து வைக்காதீர்கள். செலவில்லாத முதல் பாதுகாப்பு இதுதான்.

• அடிபட்டதையும் அழுகியதையும் அன்றன்றே பொறுக்கி எடுங்கள். காயம்பட்ட காய் கூடுதலாக எத்திலீனை வெளியிடும்.

• வாழையை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே அதன் தோல் கறுத்துவிடும். மாங்காயும் தக்காளியும் நன்கு பழுத்த பிறகே உள்ளே போகலாம்.

• கரிப் பை வாங்கினால் காற்று புகும் துணிப் பையாகப் பாருங்கள். அவ்வப்போது வெயிலில் காயவைத்தால் ஈரமும் ஓரளவு வாடையும் நீங்கும். பழைய ஆற்றல் முழுதாகத் திரும்பாது.

கொங்கு நாட்டின் கரி

லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் அறுவடையின்போதும் அதன் பிறகும் கொய்யாவில் 15.88 சதவீதமும் தக்காளியில் 12.44 சதவீதமும் வீணாகின்றன. விலை சரியும் காலங்களில் விவசாயி தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார். இன்னும் சில நாள் வைத்திருக்க முடிந்தால் அவருக்குப் பேரம் பேசும் வலு கிடைக்கும்.

அதற்கு உதவக்கூடிய கரி தமிழகத்திலேயே இருக்கிறது. கொங்கு நாட்டின் காங்கயம், பொள்ளாச்சி வட்டாரங்களில் தேங்காய்த் தொட்டிக்கரி, அதாவது ஓட்டுக் கரி, தயாராகிறது. அதிலிருந்து செய்யப்படும் கிளர்வூட்டப்பட்ட கரி குடிநீர்ச் சுத்திகரிப்புக்கும் தங்கம் பிரித்தெடுக்கவும் வெளிநாடுகளுக்குப் போகிறது. கிருஷ்ணகிரி மாவும் தேனி வாழையும் ஒட்டன்சத்திரம் காய்கறியும் இதே மாநிலத்தில்தான் லாரி ஏறுகின்றன. கரித் தொழிலும் தோட்டக்கலையும் கைகோக்க வேண்டும். வேளாண் பல்கலைக்கழகமும் கரி ஆலைகளும் சேர்ந்து, நம் வெயிலில், நம் பயிர்களில் இந்தப் பைகளைச் சோதிக்க வேண்டும். எந்தப் பழத்துக்கு, எத்தனை கிலோவுக்கு, எத்தனை நாளுக்கு என்ற மூன்று விவரங்களும் பையின் மேலேயே அச்சாக வேண்டும். அவை இல்லாத பையை வாங்க மறுப்பது நம் உரிமை.