மணலில் நடந்தால் மூச்சு வாங்குகிறதா? ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனைகள் சொல்லும் உண்மை

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு வாக்கிங் வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. சாலையோடு நின்றுவிடுபவர்கள் ஒரு வகை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கிவிடுபவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையினருக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கும். அதில் ஆச்சர்யம் இல்லை. ஒரே வேகத்தில் நடந்தாலும், கெட்டியான தரையில் செலவாவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான சக்தி மணலில் செலவாகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

போன வருடம் வரை இதே மணலில் பேசிக்கொண்டே நடந்தவர், இந்த வருடம் பத்தடிக்கு ஒருமுறை நிற்கிறார் என்றால் அது வேறு விஷயம். டாக்டரிடம் போகிறார். ஈ.சி.ஜி நார்மல், எக்கோ நார்மல், எக்ஸ்ரேயும் நார்மல். “வயசாயிடுச்சுல்லப்பா, அதான்” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த மூன்றும் அவர் ஓய்வாக இருக்கும்போது எடுத்தவை. மூச்சு வாங்குவதோ நடக்கும்போது. கரையில் ஏற்றி வைத்திருக்கும் படகின் இன்ஜினைத் தட்டிப் பார்த்துவிட்டு, அலையைத் தாண்டுமா என்று சொல்ல முடியாது. கடலில் இறக்கித்தான் பார்க்க வேண்டும். உடலுக்கு வேலை கொடுத்துப் பார்க்கும் பரிசோதனைகளின் அடிப்படை இதுதான்.

இவற்றில் எளிமையானது ஆறு நிமிட நடை. சுமார் 30 மீட்டர் நீளமுள்ள வராண்டாவில், ஆறு நிமிடங்களில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். நடுவில் நின்று இளைப்பாறலாம், கைத்தடியும் வைத்துக்கொள்ளலாம். ஆனால், கடிகாரம் நிற்காது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான அந்த விரல் கிளிப்பை மாட்டி, நடக்கும்போது ஆக்ஸிஜன் இறங்குகிறதா என்றும் கவனிப்பார்கள்.

எல்லோருக்கும் தெரிந்தது டிரெட்மில் பரிசோதனை, அதாவது டி.எம்.டி. அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1960-களில் வகுத்த முறைதான் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், லேசான ஏற்றத்தில் தொடங்கும். மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-லிருந்து வயதைக் கழித்து, வரும் எண்ணில் 85 சதவிகிதம் வரை இதயத்துடிப்பு உயர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 வயதுக்காரருக்கு அது 136.

டி.எம்.டி முக்கியமாக இதயத்தின் ரத்த ஓட்டத்தைத்தான் கேள்வி கேட்கிறது. மூச்சு வாங்குவதற்குக் காரணம் இதயமா, நுரையீரலா, இரண்டும் இல்லையா என்று பிரித்துச் சொல்ல இன்னொரு பரிசோதனை இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் சி.பி.இ.டி என்பார்கள். ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளை மிதிக்க வேண்டும், அல்லது டிரெட்மில்லில் நடக்க வேண்டும். வாயையும் மூக்கையும் மூடிய மாஸ்க் வழியாக, ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு ஆக்ஸிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு வெளியே வருகிறது என்று கருவி அளக்கும். கூடவே ஈ.சி.ஜி, ரத்த அழுத்தம், விரல் கிளிப். மிதிக்கும் நேரம் பெரும்பாலும் 8 முதல் 12 நிமிடங்கள்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லி ஆக்ஸிஜன் போதும். முழு முயற்சியில் அது எவ்வளவு உயர்கிறது என்பதே முக்கியமான எண். தீவிர இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இந்த எண் 14-ஐத் தாண்டாவிட்டால், இதய மாற்று சிகிச்சை பற்றி யோசிக்கும் வழக்கம் 1990-களிலேயே வந்துவிட்டது. இதயத் துடிப்பில் இன்னும் இடமிருக்கும்போதே மூச்சுவிடும் திறன் முழுவதும் தீர்ந்துபோனால் சந்தேகம் நுரையீரல் மேல். இரண்டிலும் மிச்சமிருந்தும் கால் தளர்ந்தால் ரத்தசோகை, உடல் எடை, பழக்கமின்மை என்று தேடல் வேறு பக்கம் திரும்பும். சிகிச்சையே மாறிவிடும் என்பதால் இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

இத்தனை கருவிகள் இருந்தாலும் முடிவைக் கெடுக்கக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். அவர் நோயாளியேதான். “என்ன சார், டி.எம்.டி பாஸா?” என்று கேட்டுப் பழகிய ஊர் இது. பாஸாகிவிட வேண்டும் என்று நெஞ்சு இறுக்கத்தை மறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. பயத்தில் இரண்டாவது நிமிடமே “போதும், நிறுத்துங்க” என்பவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. வலி, தலைச்சுற்றல், கண் இருட்டல் எது வந்தாலும் அந்த நொடியே சொல்ல வேண்டும். மாஸ்க் போட்டிருந்தால் பேச முடியாது என்பதால் கைஜாடையை முன்பே பேசிவைப்பார்கள். வெறும் களைப்பு என்றால் முடிந்தவரை தொடர வேண்டும். பாதியில் விட்டால், திறன் அவ்வளவுதானா, முயற்சி அவ்வளவுதானா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆபத்து இல்லையா? நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஒரு லட்சம் சி.பி.இ.டி பரிசோதனைகளில் 2 முதல் 5 மரணங்கள் வரை என்று அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2003-ல் கணக்குச் சொல்லியிருக்கின்றன. அதனால்தான் அவசர மருந்துகளும் ஆட்களும் அறையில் தயாராக இருக்க வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்விலும் நெஞ்சு வலிப்பவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்தால் அழைக்க வேண்டியது 108-ஐ, டி.எம்.டி-க்குத் தேதி வாங்கிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

போவதற்கு முன் இரண்டு, மூன்று மணி நேரம் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். காபி, டீ, சிகரெட்டும் வேண்டாம். அடெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் இதயத்துடிப்பை உயரவிடாது. ஆனால், அவற்றைத் தானாக நிறுத்துவது ஆபத்து. நிறுத்தணுமா, வேண்டாமா என்று டாக்டரிடமே கேட்க வேண்டும். இன்ஹேலர் இருந்தால் கையோடு எடுத்துப்போக வேண்டும். வேட்டியும் புடவையும் இதற்குச் சரிப்படாது. பேன்ட் அல்லது சுடிதார், நல்ல ஷூ. மார்பில் ஒயர் ஒட்டுவார்கள் என்ற கூச்சத்திலேயே நாள் தள்ளிப்போடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம்.

டி.எம்.டி ‘பாசிட்டிவ்’ என்று வந்தாலே அடைப்பு உறுதி என்று அர்த்தமில்லை. குறிப்பாகப் பெண்களுக்கு, அடைப்பு இல்லாமலே அப்படிக் காட்டுவது உண்டு. ‘நெகட்டிவ்’ என்பதும் ஆயுள் முழுமைக்கான உத்தரவாதம் அல்ல.

சி.பி.இ.டி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. சிதம்பரத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏறுவதற்கு முன், அந்த மருத்துவமனையில் இருக்கிறதா என்று போனில் விசாரித்துக்கொள்வது அலைச்சலை மிச்சப்படுத்தும். பழைய எக்கோ, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். எத்தனை அடி நடந்தால், எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.