உடலுக்கு ஓர் ஆஸ்பத்திரி, உள்ளத்துக்கு வேறொன்றா?

வீட்டில் ஒருவருக்குப் பல்வலி வந்தால், அண்டை அயலாரிடமெல்லாம் சொல்லி ஆறுதல் பெறுகிறோம். அதே வீட்டில் ஒருவர் உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, வாழ்வே பாரமென்று மாதக்கணக்கில் வாடினால், அச்செய்தி வாசற்படியைத் தாண்டுவதில்லை. பல்லுக்குள்ள கௌரவம் மனத்துக்கு இல்லை போலும்!

அத்தகையவர் வைத்தியரிடம் போகாமலும் இருப்பதில்லை. தலைவலி, படபடப்பு, தீராத களைப்பு என்று சொல்லிக்கொண்டு போகிறார். ரத்தப் பரிசோதனை நடக்கிறது. "உமக்கு ஒன்றுமில்லை" என்ற நற்செய்தியுடன் வீடு திரும்புகிறார்; துயரமும் கூடவே திரும்புகிறது. நீரிழிவு, இருதய நோய், க்ஷயம் முதலியவற்றோடு மனச்சோர்வும் சேர்ந்துவிட்டாலோ, வேளை தவறாமல் மருந்துண்ணும் ஊக்கம் குன்றுகிறது. உடல் நோயும் முற்றுகிறது.

இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் கவனிக்கும் முயற்சி நம் தேசத்துக்குப் புதியதன்று. டாக்டர் கிரீந்திரசேகர போஸ் 1933-ல் கல்கத்தாவின் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே மனோவியாதிக்கென ஒரு வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். ஆர். ஜி. கார் கல்லூரி என இப்போது வழங்குவது அதுவே. மனநோய் விடுதியின் மதில்களைக் கண்டு அஞ்சியவர்களும், காய்ச்சல்காரர் நுழையும் வாசல் வழியே நுழைய வழி பிறந்தது.

1950-களில் அமிருதசரசில் டாக்டர் வித்யாசாகர் கூடாரங்கள் அமைத்து, நோயாளியின் குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்தார். 1982-ல் தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்கள் பல்லாரி ஜில்லாவில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குப் பயிற்சியளித்து, கிராமத்திலேயே சிகிச்சை கிடைக்கச் செய்தனர். அந்த அநுபவத்தின்மீதே 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் எழுந்தது.

இவ்வழியைப் புறக்கணித்தால் நேருவது என்ன? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் 28 மனநோயாளிகள் தீக்கிரையாயினர். ஓடித் தப்ப இயலாதபடி சங்கிலிகள் அவர்களைப் பிணைத்திருந்தன. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடுத்தது. உடல் நோய்க்குள்ள இன்ஷூரன்ஸ் உரிமை மனநோய்க்கும் உண்டு என்றது.

ஆனால் சட்டம் கதவைத்தான் திறக்கும். கைபிடித்து அழைத்துச் செல்லாது. நாடி பார்க்கும் டாக்டர், "இரவில் தூக்கம் வருகிறதா? மனத்தில் என்ன கவலை?" என்றும் கேட்கவேண்டும். வீட்டாரும் "வெளியே தெரிந்தால் வெட்கம்" என்று மூடி மறைக்காமல், அந்தக் கேள்விக்கு உண்மையான விடை சொல்ல நோயாளிக்குத் தைரியமளிக்க வேண்டும். அதற்குச் செலவு காசு அல்ல, கொஞ்சம் பொறுமைதான்.