டூட்டி நோட்டில் தெரியும் அறம்

எம்.பி.ஏ. விண்ணப்பம் வாங்கிவந்த அன்று ஸ்டேஷன் ரைட்டர் கேட்ட முதல் கேள்வி, "இன்க்ரிமென்ட் உண்டாம்மா?" இல்லை என்றேன். "அப்ப பிரமோஷன்?" அதுவும் இல்லை. "பின்ன எதுக்கும்மா இந்த வயசுல பரீட்சை?" என்று சிரித்துவிட்டு, வாசலில் நின்ற மனுதாரருக்கு சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது எழுதப் போய்விட்டார்.

நியாயமான கேள்விதான். போலீஸில் பதவி உயர்வு என்பது பெரும்பாலும் சீனியாரிட்டி. எங்கள் காலத்தில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் 10 ஆண்டில் முதல்நிலைக் காவலர், 15 ஆண்டில் ஏட்டு, 25 ஆண்டில் எஸ்.எஸ்.ஐ. என்ற சிறப்பு எஸ்.ஐ. சீக்கிரம் மேலே வர வேண்டும் என்றால் துறைக்கென்று இருக்கும் ஒதுக்கீட்டில் எஸ்.ஐ. தேர்வு எழுத வேண்டும். நான் அந்த வழியில் வந்தவள். எஸ்.ஐ.யிலிருந்து இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டரிலிருந்து டி.எஸ்.பி. எல்லாம் பேனல் என்ற பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வரும் வரிசைப்படி. அந்த வரிசையில் எம்.பி.ஏ. என்ற மூன்றெழுத்துக்கு இடம் கிடையாது.

ஆனாலும் தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. முடித்தேன். பிறகு, காவல் பணியில் அறம் குறித்த நூல்களைத் தேடிப் படித்தேன். டி.எஸ்.பி.யாக ஓய்வு பெற்ற பின் பயிற்சிப் பள்ளிகளில் அவ்வப்போது வகுப்பெடுக்கிறேன். அங்கே இளம் எஸ்.ஐ.க்களும் ரைட்டர் கேட்டதையே கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இந்தப் படிப்பு உங்களை மேலே ஏற்றாது. ஆனால் ஏறிய இடத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதையும், அங்கிருந்து விழாமல் இருக்கிறீர்களா என்பதையும் அதுவே தீர்மானிக்கும்.

கீழே போகப் போகக் கூடும் அதிகாரம்

ஜேம்ஸ் கியூ. வில்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1968இல் எழுதிய ஒரு நூலில், போலீஸ் துறைக்கே உரிய விசித்திரம் ஒன்றைக் குறிப்பிட்டார். மற்ற அலுவலகங்களில் மேலே போகப் போக, சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை கூடும். போலீஸில் கீழே வர வர அது கூடும். நடுராத்திரியில் நாற்சந்தியில் தனியாக நிற்கும் காவலர், தான் மறித்த வண்டியை ஓட்டிவந்தவனைக் கண்டித்து அனுப்பலாம், வழக்குப் போடலாம், ஸ்டேஷனுக்குக் கூட்டிவரலாம், கை ஓங்கலாம். எஸ்.பி.யோ டி.ஐ.ஜி.யோ அப்போது பக்கத்தில் இல்லை.

இதைப் படித்தபோதுதான் மேற்பார்வை என்பதன் சிக்கல் எனக்குப் பிடிபட்டது. கண்ணில் படாத இடத்தில் வேலை செய்யும் முப்பது நாற்பது பேரை நல்லபடி நடக்க வைப்பதுதான் இன்ஸ்பெக்டரின் வேலை. என் பயிற்சிக் காலத்தில் சட்டமும் கவாத்தும்தான் பெரும்பங்கு. ஆட்களை எப்படி நடத்துவது என்பதை எல்லோரும் முந்தைய அதிகாரியைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். முந்தையவர் ரோல் காலில் கத்தினால் அடுத்தவரும் கத்துவார்.

ஒரு நோட்டும் நான்கு கட்டங்களும்

பொதுமக்கள் பார்க்காத ஒரு நோட்டு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உண்டு. டூட்டி நோட்டு. பாரா (ஸ்டேஷன் காவல்), இரவு ரோந்து, கோயில் கொடை பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, கைதி வழிக்காவல், வாரண்ட், தபால் என்று யாருக்கு எந்த வேலை என்பதை அதில்தான் எழுதுவார்கள். இதில் கோர்ட் டூட்டி நிழல். பந்தோபஸ்து வெயில். அதிகாரிக்கு வேண்டியவர் எப்போதும் நிழலில் இருப்பார். வாயில்லாதவர் துப்பாக்கியோடு பாராவில் நிற்பார், மறுநாள் திருவிழாவுக்கும் அவரே போவார்.

எம்.பி.ஏ.வில் மனிதவள மேலாண்மைப் பாடம் படித்த பிறகு நான் செய்தது மிகச் சின்ன வேலை. ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் எல்லோர் பெயரும், வலப்பக்கம் நான்கு கட்டங்களும்: இரவுப் பணி, பந்தோபஸ்து, வெளியூர், ஓய்வு. யார் எதை எத்தனை முறை பார்த்தார் என்பதைக் கோடு கிழித்துக் குறித்து, ரைட்டர் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். அதுவரை டூட்டி என்பது ரைட்டரும் இன்ஸ்பெக்டரும் பேசி முடிக்கும் ரகசியம். இப்போது யாருக்கு எவ்வளவு என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஒரு பெண் காவலர் வந்து, "அம்மா, என் பேருக்கு நேரா ஓய்வுக் கட்டம் காலியா இருக்கு" என்று விரல் வைத்துக் காட்டினார். கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே பெரிய மாற்றம்.

இதற்கும் மக்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். டாம் டைலர் என்ற உளவியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வு நூலின் சாரம் இது: மனிதர்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுவதில் தண்டனைப் பயத்தைவிட, தங்களை முறையாக நடத்தினார்கள் என்ற எண்ணத்துக்குப் பங்கு அதிகம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதையே காவல் நிலையத்துக்கு உள்ளேயும் பொருத்திப் பார்த்தார்கள். அதிகாரி தன்னை நியாயமாக நடத்துகிறார் என்று நம்பும் காவலர், மக்களிடமும் நிதானமாக இருக்கிறார். இரண்டு ராத்திரி தூங்காமல், மகளின் காதுகுத்துக்கு லீவு கேட்டுத் திட்டு வாங்கிய காவலரிடம் போய் மனு கொடுங்கள், புரிந்துவிடும். தமிழக அரசு 2021இல் காவலர்களுக்கும் ஏட்டுகளுக்கும் வார ஓய்வு அறிவித்தது. ஆணை சென்னையில் பிறந்தாலும் அது நடப்பதும் நடக்காததும் அந்தந்த ஸ்டேஷன் டூட்டி நோட்டில்தான் இருக்கிறது.

ஆர்டர்லி விவகாரமும் இப்படித்தான். அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை அனுப்பும் வழக்கத்தை ஒழித்து 1979இலேயே தமிழக அரசு ஆணையிட்டது. 2022இலும் அந்த வழக்கம் தொடர்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. காவலரைக் காய்கறி வாங்க அனுப்புவது அறப் பிழை மட்டுமல்ல. அன்று ரோந்துக்கு ஓர் ஆள் குறைவு என்பதால் அது நிர்வாகப் பிழையும்கூட.

"நாலு தட்டு தட்டுங்கம்மா"

அறம் என்றதும் எல்லோரும் மாமூலைத்தான் நினைப்பார்கள். ஜான் கிளைனிக் என்ற அறிஞரின் 'காவல் பணியின் அறம்' என்ற ஆங்கில நூல் 1996இல் வந்தது. ஓசி டீ குடிக்கலாமா கூடாதா என்ற கேள்வி அது போன்ற நூல்களிலும் போலீஸ் அறம் பற்றிய பாடங்களிலும் பழைய கேள்வி. என் வகுப்பிலும் அதைக் கேட்பேன். அரை மணி நேரம் சண்டை நடக்கும். ஆனால் அதைவிடக் கஷ்டமான கேள்வி இன்னொன்று.

நகை திருட்டுப்போன அம்மா அழுதபடி உட்கார்ந்திருக்கிறார். சந்தேகத்துக்குரிய பையன் கையில் இருக்கிறான். "நாலு தட்டு தட்டுங்கம்மா, சொல்லிருவான்" என்று சொல்பவர் ரவுடி அல்ல, புகார் கொடுத்த அந்த அம்மாவேதான். அடுத்த வாரம் கிரைம் மீட்டிங். மீட்பு எத்தனை பவுன் என்று மேலே கேட்பார்கள். நல்ல காரியத்துக்காகச் செய்யும் தப்பு என்பது இதுதான். லஞ்சம் வாங்குபவருக்குத் தான் செய்வது தப்பு என்று தெரியும். இவருக்கோ தான் நியாயவான் என்ற நினைப்பு. அதனால்தான் இது அதிக ஆபத்து.

இங்கே சட்டம் தெரிந்த மேற்பார்வையாளர் கணக்குப் போட்டுப் பார்ப்பார். போலீஸிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதன் வழியே கண்டெடுக்கும் பொருள் பற்றிய பகுதி மட்டும்தான் நிற்கும். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கு விதிகள் வகுத்தது. பெயர் தெரியும்படி பேட்ஜ், சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரம் போலக் கைது செய்யாதே, காரணத்தை எழுதிவை என்றது. 2020 டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் சி.சி.டி.வி. வேண்டும் என்று உத்தரவிட்டது. ஐ.நா. சபை 1979இல் ஏற்ற காவல் பணியாளர் நடத்தை விதிகள், சித்திரவதைக்கு மேலதிகாரி உத்தரவு சாக்காகாது என்று சொல்கின்றன.

இத்தனையும் இருந்தும் 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் இரவில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறை பொறுப்பில் ஒப்படைக்கச் சொன்னது. சி.பி.ஐ.யின் குற்றப்பத்திரிகையில் இன்ஸ்பெக்டர் முதல் காவலர் வரை பெயர்கள் இருந்தன. அன்றிரவு நடந்ததை நீதித்துறை நடுவரிடம் துணிந்து சொன்னவர் ஒரு பெண் ஏட்டு. இந்த நிகழ்வை வகுப்பில் வைக்கும்போது நான் கேட்பது ஒன்றுதான். ஒரு தப்பு நடக்கும்போது கீழே இருப்பவர் "வேண்டாம்யா" என்று சொல்லக்கூடிய ஸ்டேஷனை உங்களால் உருவாக்க முடியுமா? டூட்டி நோட்டில் ஓரவஞ்சனை செய்யும் அதிகாரியிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பட்ஜெட் இல்லாத இடத்தில்

ஏ4 தாள், ஜீப்புக்கு டீசல், அநாதைப் பிணத்தை எடுத்துப்போக ஆள் கூலி, கைதிக்குச் சாப்பாடு. இவற்றுக்கு வரும் பணம் போதாதபோது, "யாரையாவது பாத்துச் செய்யச் சொல்லுங்க" என்பார்கள். செலவைச் சமாளிக்க ஆரம்பித்த பழக்கம் பிறகு சட்டைப்பைக்குள் போய் நிற்கும். நிதி நிர்வாகம் படித்தது இங்கே உதவியது. ஒரு மாதச் செலவை வகை பிரித்து எழுதி, எதற்கு விதிப்படி பணம் கேட்கலாம் என்று பார்த்து, எழுத்தில் கேட்டேன். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் கடைக்காரரிடம் கை நீட்டாமல் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்ற கணக்கு கையில் இருந்தது.

வேலைக்கு வந்த வினை

படிப்பு என் பணி வாழ்க்கைக்கு நேரடியாக உதவிய இடம் ஒன்றுண்டு. எங்கள் துறையில் 3(ஏ), 3(பி) என்று சொன்னால் வயிற்றைக் கலக்கும். 1955ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி வரும் சார்ஜ் மெமோக்கள் அவை. 3(பி) நிலுவையில் இருந்தால் பேனலில் பெயர் நின்றுபோகும். கூடப் படித்தவர் டி.எஸ்.பி. ஆகிவிடுவார், இவர் விசாரணைக்கு அலைந்துகொண்டிருப்பார்.

என் மீதும் ஒருவரைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததாகப் புகார் போனது. அவரை நோட்டீஸ் கொடுத்துத்தான் அழைத்திருந்தேன். வந்த நேரமும் போன நேரமும் பொது நாட்குறிப்பில் இருந்தன, அவர் கையெழுத்தும் இருந்தது. புகார் நிற்கவில்லை. எதை ஏன் செய்தோம் என்பதை அன்றன்றே எழுதிவைக்கும் பழக்கத்தை மேலாண்மைப் பாடத்தில் ஆவணப்படுத்தல் என்கிறார்கள், அறப் பாடத்தில் பொறுப்புக்கூறல் என்கிறார்கள். ஸ்டேஷனில் அது ஒரே பேனாவால் எழுதும் ஒரே வரி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள, குற்ற விசாரணை நடைமுறைக்கான பி.என்.எஸ்.எஸ். சட்டம் இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கு விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்தில் 60 வயது கடந்தவரைக் கைது செய்ய டி.எஸ்.பி. அனுமதி வேண்டும்.

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். ஆக விரும்புவோர் எழுதும் முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறத்துக்கென்றே 250 மதிப்பெண் தாள் இருக்கிறது. ஆனால் சாமானியர் வாழ்நாளில் சந்திப்பது எஸ்.பி.யை அல்ல, எஸ்.ஐ.யையும் இன்ஸ்பெக்டரையும். துறைக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான். இன்ஸ்பெக்டர் பேனலில் பெயர் சேர்க்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள். ஒன்று, நாற்பது பேர் இருக்கவேண்டிய ஸ்டேஷனில் இருபத்தெட்டுப் பேரை வைத்துக்கொண்டு, திருவிழா வாரத்தில் எல்லோருக்கும் ஓய்வு வரும்படி டூட்டி போட்டுக் காட்டுங்கள். இரண்டு, அழும் அந்த அம்மாவுக்கும், பிடிபட்ட பையனுக்கும், மேலே கேட்கும் கிரைம் மீட்டிங்குக்கும் என்ன பதில் சொல்வீர்கள்? விடைத்தாளை அவர்களின் கீழ் வேலை பார்த்த ஏட்டுகளிடம் திருத்தக் கொடுத்தால் இன்னும் நல்லது.