செல்லப் பல்லியின் வால் கழன்றுவிட்டதா? பதறுவதற்கு முன் இதைப் படிங்க!

துடைப்பத்துக்குத் தப்பி ஓடும் பல்லி, துள்ளும் வாலை மட்டும் தரையில் விட்டுப்போவதை நம்ம ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. அமெரிக்கா, ஐரோப்பாவில் கண்ணாடித் தொட்டிக்குள் செல்லமாக வளர்க்கப்படும் 'லெப்பர்ட் கெக்கோ' பல்லியும் இதையேதான் செய்கிறது. வாலைப் பிடித்துத் தூக்கினால் போச்சு! கூட இருக்கும் பல்லி கடித்தாலும், பயந்துபோனாலும்கூட கழற்றிவிடும்.

வளர்ப்பவருக்கு உயிரே போய்விடும்தான். ஆனால், பல்லியின் வால் எலும்புகளில் முறிவதற்கென்றே பலவீனமான இடங்கள் உண்டு. தசைகள் இறுகும்போது அங்கே வால் தனியே பிரியும். ரத்தக் குழாய்களும் உடனே சுருங்குவதால் ரத்தம் அதிகம் போகாது. கழன்ற வாலும் சும்மா கிடக்காது. சில சென்டிமீட்டர் உயரத்துக்குக் குட்டிக்கரணமே அடிக்கும் என்பதை, ஆந்தனி ரஸ்ஸல், டிமோதி ஹைகம் ஆகிய ஆய்வாளர்கள் 2009-ல் பதிவுசெய்தனர். எதிரி அதை வேடிக்கை பார்க்கும் நேரத்தில் பல்லி எஸ்கேப்!

அப்போ கவலையே வேண்டாமா?

ஒரு விஷயத்தில் வேண்டும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானின் வறண்ட நிலங்களைப் பூர்விகமாகக் கொண்ட இந்தப் பல்லி, இரை கிடைக்காத நாள்களுக்கான கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கிறது. வால் போனால் சேமிப்புக் கணக்கே காலி. எனவே, புண் ஆறும்வரை வயிறு காயவிடக் கூடாது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பூச்சிகள் கொடுக்கலாம். சாப்பிடாமல் மிச்சம் வைத்த வெட்டுக்கிளி, சில்வண்டுகளை உடனே எடுத்துவிடுங்கள். அவை புண்ணையே கடித்துவைக்கும்!

தொட்டியில் மணல் இருந்தால் அகற்றிவிட்டு டிஷ்யூ பேப்பர் விரிக்கலாம். உடன் வேறு பல்லி இருந்தால் தனியே பிரிக்க வேண்டும். கட்டுப் போடுவது, கையில் கிடைத்த ஆயின்மென்ட்டைத் தடவுவதெல்லாம் வேண்டாம். ரத்தம் நிற்காவிட்டாலோ, வீக்கம், சீழ், துர்நாற்றம் தெரிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போய்விடுவது நல்லது.

பழைய வால் திரும்ப வருமா?

லெப்பர்ட் கெக்கோவுக்குச் சில வாரங்களிலேயே வளரத் தொடங்கும். ஆனால், உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான் இருக்கும். வெளியே பார்த்தால் முள்ளங்கி மாதிரி உப்பலாக, வேறு நிறத்தில் இருக்கும்.

நியூ கலிடோனியா தீவைச் சேர்ந்த 'கிரெஸ்டட் கெக்கோ' கதை வேறு. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1994-ல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட இனம் அது. அதற்கு வால் போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. காட்டில் வாழும் பெரிய கிரெஸ்டட் கெக்கோக்களில் பெரும்பாலானவற்றுக்கு வாலே கிடையாது. அப்படியே மரம் ஏறி, தாவி, இரை தேடிக்கொண்டிருக்கின்றன.