முதல் அழைப்பிற்கு ஏன் தாமதம்?

காலையில் களப்பணியாளர் ஒருவர் தம் பதிவேட்டுச் செயலியைத் திறக்கிறார். திரை வெறுமையாக நிற்கிறது. அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ சென்ற பின்னரே பக்கம் தோன்றுகிறது. அதன்பின் எல்லாப் பக்கங்களும் விரைந்து வருகின்றன. சிறிது நேரம் எவரும் பயன்படுத்தாது விட்டால், மீண்டும் அதே தாமதம். இணையத் தொடர்பே பழுதென்று பலர் கருதுவர். பெரும்பாலும் காரணம் அதுவன்று.

இக்காலத்துச் செயலிகள் பல, பெருநிறுவனங்களின் கணினி நிலையங்களில் வாடகைக்கு இடம் பெற்று இயங்குகின்றன. இம்முறையை மேகக் கணிமை என்பர். அங்கே ஒரே கணினியைப் பல செயலிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. வேலையற்றிருக்கும் செயலியும் நினைவகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஆகவே, குறித்த காலம் வரை அழைப்பு வராத செயலியை நினைவகத்தினின்று அகற்றிவிடுவதுண்டு. மைக்ரோசாப்டின் அஸ்யூர் ஆப் சர்வீஸில் இக்காலம் பொதுவாக 20 நிமிஷம். ரெண்டர் நிறுவனத்தின் இலவசச் சேவையில் 15 நிமிஷம்.

அகற்றப்பட்ட செயலி அழிந்துவிடுவதில்லை. அதன் நிரல் சேமிப்பில் பத்திரமாக உள்ளது. புதிய அழைப்பு வந்ததும் கணினியில் அதற்கு இடம் ஒதுக்கப்படுகிறது. நிரல் நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. பின்னர்த் தரவுத்தளத்துடன் தொடர்பு ஏற்படுகிறது. இவையெல்லாம் முடிந்த பின்னரே முதல் மறுமொழி கிட்டும். தேநீர்க் கடையில் அடுப்பை மூட்டி நீரைக் கொதிக்க வைக்கும் வரை முதலில் வந்தவர் காத்திருக்கிறார். அடுத்து வருவோர்க்கு உடனே தேநீர் கிடைக்கிறது. இதுவும் அத்தகையதே.

பழுதை இனங்காணும் வழி எளிது. முதல் அழைப்பு மட்டும் தாமதித்துப் பின்னவை விரைந்து வரின், செயலி உறங்கியிருந்தது எனக் கொள்ளலாம். ஒவ்வோர் அழைப்பும் தாமதிப்பின், தொடர்பையோ செயலியையோ ஆராய வேண்டும்.

காத்திருக்கப் பொறாமல் 'அனுப்பு' பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவதே பெருந்தவறு. முன்னர் அனுப்பிய அழைப்பு தொலைந்துபோகவில்லை, வரிசையில் காத்திருக்கக்கூடும். செயலி விழித்தெழுந்ததும், ஒரே குழந்தைக்கு இட்ட தடுப்பூசி இருமுறை பதிவாகிவிடலாம். கணக்கில் புகுந்த இப்பிழையைப் பின்னர்க் கண்டுபிடிப்பது அரிது.

செயலியை நடத்துவோர்க்கும் வழிகள் உண்டு. அஸ்யூரில் கட்டணத் திட்டங்கள் பலவற்றில் 'ஆல்வேஸ் ஆன்' என்னும் ஏற்பாடு செயலியை உறங்கவிடாது காக்கும். கூகிள் கிளவுட் ரன்னில் ஒரு பிரதியேனும் எப்போதும் ஆயத்தமாய் இருக்குமாறு செய்யலாம். அதற்குச் செலவு கூடும். ஒவ்வொரு பதிவிற்கும் தனி எண் அமைத்து, அதே எண் மறுமுறை வரின் ஏற்காதவாறு செய்தல் இன்றியமையாதது.

ஆசிரியர்கள் பாடம் தொடங்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்னரே பக்கத்தைத் திறந்து வைத்தல் நலம். களப்பணியாளர்கள் முதலில் முகப்புப் பக்கத்தைத் திறந்து, அது முழுதும் தோன்றிய பின்னரே பதிவைத் தொடங்குவாராக. ஒருமுறை அழுத்திப் பொறுத்திருப்பதே கணக்கைக் காக்கும்.